மூலையைச் சீவினால் எத்தனை முனை?

எட்டாம் வகுப்புக்குக் கன உருவங்கள் நடத்தப் போகும் முன்னால் நான் செய்கிற முதல் வேலை, சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைப்பது. கனச்சதுரம், கனச்செவ்வகம், உருளை, கூம்பு, கோளம், பட்டகம், பிரமிடு என்று வரிசையாக வரைந்து அடியில் பெயர் எழுதிய அந்த அட்டை கிட்டத்தட்ட எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்கும். பாடம் முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுவேன். ஆனால் பாடம் நடக்கிற நாட்களில் அது கண்ணெதிரே தொங்கினால் பிள்ளைகள் உருவத்தைப் பார்க்க மாட்டார்கள், படத்தைத்தான் பார்ப்பார்கள். படத்தில் கூம்பு எப்போதும் நுனியை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், உருளை நேராக நிற்கும், கனச்சதுரம் ஒரே கோணத்தில் மூன்று முகத்தை மட்டும் காட்டும். அதைப் பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளையிடம் ஒரு கேரட்டைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினால் கூம்பு என்று சொல்ல வாய் வராது, ஒரு தகர டப்பாவைப் படுக்க வைத்துவிட்டால் உருளையா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஒரு கன உருவத்தின் பெயர் நமக்குத் தெரியும் என்றால், அதைப் பார்க்காத ஒருவருக்கு வாயால் சொல்லியே அதை வரைய வைக்கவோ செய்ய வைக்கவோ முடிய வேண்டும். அதற்குத்தான் முகம், விளிம்பு, முனை, அடிப்பக்கம், குறுக்குவெட்டு, சாயுயரம் எல்லாம். வெறுமனே ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பெயர் எழுத என்றால் இத்தனை சொற்கள் தேவையே இல்லை. இதைப் பல வருஷமாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பாடத்தை நடத்தப் போகிற வேறு ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தரும் அப்பா அம்மாவுக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது ஊட்டியிலிருந்து பாலாடா, இத்தலார் போகிற பக்கம். வகுப்பில் ஹட்டி எனப்படும் கிராமங்களிலிருந்து வரும் படுகர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு, எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் உண்டு, கேரட்டும் பீட்ரூட்டும் விளையும் தோட்டங்களில் கூலி வேலை பார்க்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்குக் கன உருவம் சொல்லித்தர நமக்கு ஐஸ்கிரீமும் பிறந்தநாள் தொப்பியும் தேவையில்லை. மலையில் எங்கே திரும்பினாலும் சரக்கு இருக்கிறது.

மழை இல்லாத நாளாகப் பார்த்து முதல் வகுப்பை வெளியே வைத்துக்கொள்வேன். பள்ளி மேட்டில் நின்றால் எதிர்ச் சரிவில் லைன் வீடுகள் தெரியும். ஏழெட்டு வீடுகள் ஒரே வரிசையில், எல்லாவற்றுக்கும் சேர்த்து நீளமாக ஒரு தகரக் கூரை, இரண்டு பக்கமும் சரிவு, இரண்டு கோடியிலும் முக்கோணமாகச் சுவர். சமவெளியில் மொட்டை மாடி வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இது கிடைக்காது. அந்தக் கூரைக்குக் கீழே, பரணுக்கு மேலே இருக்கும் வெற்றிடத்துக்கு என்ன வடிவம் என்று கேட்பேன். எல்லாரும் "முக்கோணம்" என்பார்கள். முக்கோணம் கோடிச் சுவர் மட்டும்தானே, அதை ஒரு தாளில் வரைந்துவிடலாம், தாளுக்குள் பழைய பானையும் விறகும் வைக்க முடியுமா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குவார்கள். முதல் வீட்டுக்கு மேலே ரம்பம் போட்டு நெட்டுக்குத்தாக அறுத்தால் என்ன தெரியும்? முக்கோணம். மூன்றாவது வீட்டில் அறுத்தால்? அதே முக்கோணம். கடைசி வீட்டில்? அதே அளவு, அதே முக்கோணம். எங்கே அறுத்தாலும் மாறாத அந்த வெட்டுமுகம்தான் குறுக்குவெட்டு, அப்படி மாறாமல் நீள்கிற உருவம்தான் பட்டகம், வெட்டு முக்கோணமாக இருப்பதால் முக்கோணப் பட்டகம். மூன்று சொல்லும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

அங்கேயே ஒரு சண்டையும் வரும், அது வர வேண்டும் என்றே காத்திருப்பேன்.

"டீச்சர், அடிப்பக்கம்னா கீழ இருக்கிறதுதானே? அப்ப இதுக்கு அடி செவ்வகம். செவ்வகப் பட்டகம்னுதானே சொல்லணும்?"

நியாயமான கேள்வி. அடி என்றால் தரையில் படுவது என்றுதான் யாருமே நினைப்போம். பட்டகத்தைப் பொறுத்தவரை அடிப்பக்கம் என்பது ஒன்றுக்கொன்று இணையாக, அச்சு அசல் ஒரே அளவில் எதிரெதிரே இருக்கும் அந்த இரண்டு முகங்கள். உருவம் நிற்கிறதா படுத்திருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. லைன் வீட்டுக் கூரையைப் பெயர்த்து நட்டமாக நிறுத்தினால் முக்கோணம் தரையில் பட்டுவிடும், உருவம் என்னவோ அதேதான். இதைச் சொன்னபின் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளை எடுத்து நாலாபக்கமும் திருப்பித் திருப்பி வைத்து "அடி எங்கே" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். திருப்பும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே மேட்டிலிருந்து எஸ்டேட் பங்களாவின் கூரையும் தெரியும். அது நாலு பக்கமும் சரிவாக இறங்கும், உச்சியில் ஒரு சின்ன முகடு. ஒரு வருஷம் ஒரு பெண் பிள்ளை அதைக் காட்டி, "இது பட்டகமா பிரமிடா?" என்று கேட்டாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்விகளில் அது ஒன்று. பிரமிடு என்றால் சரிவுகள் எல்லாம் ஒரே முனையில் கூட வேண்டும், இங்கே முகடு ஒரு கோடாக ஓடுகிறது. பட்டகம் என்றால் குறுக்குவெட்டு மாறக் கூடாது, இங்கே கோடிக்குப் போகப் போக வெட்டு சிறுத்துக்கொண்டே வருகிறது. ஆக இரண்டும் இல்லை. எண்ணிப் பாருங்கள் என்றேன்: அடியில் ஒரு செவ்வகம், இரண்டு சரிவகம், இரண்டு முக்கோணம், மொத்தம் 5 முகம், 6 முனை, 9 விளிம்பு. லைன் வீட்டுக் கூரைக்கு எண்ணினாலும் அதே 5, 6, 9! எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் உருவம் வேறு. பாடப்புத்தக அட்டவணையை மனப்பாடம் செய்த பிள்ளை "5, 6, 9 என்றால் முக்கோணப் பட்டகம்" என்று எழுதிவிடும், கூரையைப் பார்த்த பிள்ளை எழுதாது. நம் புத்தகத்தில் பெயர் இல்லாத உருவங்கள் உலகத்தில் நிறைய உண்டு, பெயர் தெரியாவிட்டால் விவரித்துச் சொன்னால் போதும் என்று பிள்ளைகளுக்குத் தெரிவது அவர்களுக்குப் பெரிய தைரியம்.

முகம், விளிம்பு, முனை மூன்றுக்கும் என்னிடம் இருக்கும் நல்ல சாதனம் ஒரு பழைய தேயிலைப் பெட்டி. முன்பெல்லாம் தேயிலை ஏற்றுமதிக்கு ஒட்டுப்பலகைப் பெட்டிகள்தான், இப்போது காகிதச் சாக்கு வந்துவிட்டது. அந்தப் பெட்டியில் பலகையும் பலகையும் சேரும் இடமெல்லாம் தகரப் பட்டையை மடித்து வைத்து ஆணி அடித்திருப்பார்கள். பலகை முகம். பட்டை ஓடுவது விளிம்பு. மூன்று பட்டைகள் வந்து கூடும் இடம் முனை, அங்கே தகரம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து தடிப்பாக இருக்கும், கையை வைத்தால் குத்தும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே மூன்றையும் பிரித்துவிடலாம். முகத்தில் உள்ளங்கை முழுதாகப் பதியும், விளிம்பில் விரலை ஓட்டலாம், முனையில் விரல் நுனி நிற்கும். சில புத்தகங்களில் முனையை உச்சி என்று போட்டிருக்கும். தொட்டபெட்டா உச்சி தெரிந்த பிள்ளைகள் உச்சி என்றால் மேலே இருப்பதை மட்டும் எண்ணிவிட்டுக் கனச்சதுரத்துக்கு நாலு என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் வகுப்பில் முனை என்று சொல்லிப் பழக்கி, உச்சி என்றும் கேள்வி வரும் என்று சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

அப்புறம் பை விளையாட்டு. ஒரு துணிப்பைக்குள் சீவாத பென்சில், தீப்பெட்டி, தாயக்கட்டை, கோலிக்குண்டு, தைல டப்பா, நூல் சுற்றும் அட்டைக் கூம்பு, சோப்பு என்று கிடைத்ததைப் போடுவேன். ஒரு பிள்ளை பைக்குள் கையை விட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பார்க்காமல், தடவியே விவரம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு நோட்டில் வரைய வேண்டும். ஒரே ஒரு விதி, பொருளின் பெயரைச் சொல்லக் கூடாது, "அது மாதிரி, இது மாதிரி" என்றும் சொல்லக் கூடாது. அந்த விதிதான் எல்லாமே. "டப்பா மாதிரி இருக்கு" என்று சொல்லும் வசதியை எடுத்துவிட்டால் பிள்ளைக்கு வேறு வழியில்லை, முகம் விளிம்பு முனை என்று பேசியே ஆக வேண்டும். ஒருமுறை நடந்த பேச்சு இப்படிப் போனது:

"எட்டு முகம் இருக்குடா."

"எல்லாம் ஒரே அளவா?"

"இல்ல, ரெண்டு பொடிசு. மத்த ஆறும் நீளம், ஒல்லி."

"பொடிசு ரெண்டும் பக்கத்துல பக்கத்துலயா, எதிரெதிரயா?"

"எதிரெதிர். ரெண்டு கோடிலயும்."

"அந்தப் பொடிசுக்கு எத்தனை பக்கம்?"

"இரு, எண்றேன்… ஆறு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "பென்சிலு!" என்றது. பைக்குள் கையை வைத்திருந்தவன் விடவில்லை, "பென்சில் இல்லடா, அறுகோணப் பட்டகம்னு சொல்லு" என்றான். அவனுடைய நோட்டில் அந்தச் சொல் அன்றுவரை இருந்ததில்லை. ஐங்கோணப் பட்டகம் என்று ஒன்று இருந்தால் அறுகோணம் ஏன் இருக்கக் கூடாது என்று அவனே கட்டிக்கொண்டான். பெயர்களை மொத்தமாகக் கொட்டாமல் பெயர் கட்டும் முறையைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் தாங்களே கட்டிக்கொள்வார்கள்: அடிப்பக்கத்தின் பெயரை முன்னால் போடு, மாறாமல் நீண்டால் பட்டகம், ஒரு முனையில் கூடினால் பிரமிடு. பட்டகத்துக்கு எப்படி உருளையோ அப்படிப் பிரமிடுக்குக் கூம்பு, வட்டம் வந்ததுதான் வித்தியாசம்.

அடுத்தது கிழங்கு. முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிற ஊர்ப்பக்கம், கிழங்குக்கா பஞ்சம்? அரை வேக்காடாக வேகவைத்துக் கொண்டுவந்தால் இரும்பு ஸ்கேலாலேயே சீவலாம், கத்தி பயம் இல்லை. ஆளுக்கொரு கிழங்கு, ஆறு பக்கமும் சீவிக் கனச்சதுரமாக்க வேண்டும். முதலில் யாருக்கும் கனச்சதுரம் வராது, கனச்செவ்வகமோ இரண்டுங்கெட்டானோ வரும். ஏன் கனச்சதுரம் இல்லை என்று அவர்களே சொல்லட்டும்: "இந்த விளிம்பு நீளம் டீச்சர்", "இந்த முகம் சாஞ்சிருக்கு". ஒவ்வொரு முனையிலும் ஒரு குண்டூசி, எண்ணியதையே திரும்ப எண்ணாமல் இருக்க. 6 முகம், 8 முனை, 12 விளிம்பு. முகத்தையும் முனையையும் கூட்டி விளிம்பைக் கழி, 2.

இப்போது ஒரு மூலையை மட்டும் சீவு. என்ன ஆச்சு? முனை போச்சு என்பார்கள். ஒன்று போனது சரி, எத்தனை வந்தது? வெட்டின இடத்தில் ஒரு சின்ன முக்கோண முகம் புதிதாக வந்திருக்கிறது, அதற்கு மூன்று முனை, மூன்று விளிம்பு. ஒரு முனை போய் மூன்று வந்ததால் முனை இரண்டு கூடிப் 10. முகம் ஒன்று கூடி 7. விளிம்பு மூன்று கூடி 15. கூட்டிக் கழித்தால் மறுபடியும் 2. இன்னொரு மூலை, மறுபடியும் 2. எட்டு மூலையையும் சீவியவர்களுக்கு 14 முகம், 24 முனை, 36 விளிம்பு, அப்போதும் 2. கரும்பலகையில் சூத்திரத்தை எழுதி "ஆய்லர் சூத்திரம், சரிபார்" என்று சொன்னால் வராத ஒரு பரபரப்பு வகுப்பில் அப்போது வரும், ஏனென்றால் எதைச் சீவினாலும் அந்த 2 அசைய மாட்டேன் என்கிறதே! கிழங்கு தீர்ந்தால் கால்பந்தை எடுப்பேன். கறுப்பும் வெள்ளையுமாகத் தைத்த பழைய வகைப் பந்தில் 12 ஐங்கோணம், 20 அறுகோணம், ஆக 32 முகம். 60 முனை, 90 விளிம்பு. பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக் குறித்து எண்ணி முடிக்கும்போது மணி அடித்துவிடும், எழுந்து போக மனசு வராது.

இந்த இடத்தில் ஆய்லர் கதையையும் சொல்வேன். சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை, 1750-ல் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கணக்கைச் சொல்கிறார். பழங்காலக் கிரேக்கக் கணிதர் யூக்ளிட் தன் நூலின் பதின்மூன்றாம் பகுதியில் நான்முகி, கனச்சதுரம், எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி என்ற ஐந்து ஒழுங்கு உருவங்களையும் கட்டிக் காட்டியதற்கும் ஆய்லருக்கும் இடையே 2000 ஆண்டுகளுக்கு மேல். இடையில் எத்தனை பெரிய மூளைகள் இந்த உருவங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தன! ஆய்லர் செய்த புதிய காரியங்களில் ஒன்று, கன உருவத்தின் விளிம்புக்கென்று தனியாக ஒரு பெயர் வைத்தது. லத்தீனில் ஆசியெஸ் என்றார். பெயர் வைத்ததும் அது எண்ணக்கூடிய பொருளாகிவிட்டது, எண்ணியதும் உறவு தெரிந்துவிட்டது. "இந்தப் பேரெல்லாம் எதுக்கு டீச்சர்" என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

சரி, உருளைக்கு வருவோம். கெட்டிக்காரப் பிள்ளை ஒருவராவது இதைக் கேட்பார்: உருளைக்கு மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம், சுற்றி ஒரு வளைபரப்பு, மொத்தம் மூன்று. விளிம்பு இரண்டு. முனை இல்லவே இல்லை. 3-லிருந்து 2 போனால் 1. சூத்திரம் தப்பா?

சில வழிகாட்டிப் புத்தகங்களில் உருளைக்கும் கூம்புக்கும் முகம், விளிம்பு எண்ணிக்கையை ஒவ்வொன்று ஒவ்வொரு விதமாகப் போட்டிருப்பார்கள், ஆசிரியர்களே குழம்பிப்போவார்கள். சூத்திரம் தட்டையான முகங்களால் ஆன பன்முகிகளுக்குச் சொன்னது என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம், அது உண்மையும்கூட. ஆனால் அங்கே நிறுத்தினால் ஒரு நல்ல விஷயம் கைநழுவிப்போகும். ஒரு பழைய எண்ணெய் டின்னையோ பால்மாவு டின்னையோ எடுத்துக் காகிதத்தை உரித்துப் பாருங்கள். உடம்பில் மேலிருந்து கீழாக ஒரு மூட்டுக் கோடு ஓடும், தகரத்தை வளைத்துப் பற்றவைத்த இடம். நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்தக் கோட்டையும் ஒரு விளிம்பாக எண்ணுங்கள். அது மேல் வட்டத்தைத் தொடும் இடம் ஒரு முனை, கீழ் வட்டத்தைத் தொடும் இடம் இன்னொரு முனை. இப்போது முகம் 3, முனை 2, விளிம்பு 3. மூன்றும் இரண்டும் ஐந்து, மூன்று போக 2!

வளைபரப்புக்கு மேலே ஒரு ஓரம், கீழே ஒரு ஓரம் என்று ஒன்றையொன்று தொடாத இரண்டு ஓரங்கள் இருந்ததும், அந்த ஓரங்களில் முனையே இல்லாததும்தான் கணக்கைக் கெடுத்தன. மூட்டில் பிளந்துவிட்டால் ஒரே ஓரம் உள்ள செவ்வகமாக விரிந்துவிடும், கணக்கும் சரியாகிவிடும். அந்தச் செவ்வகத்தின் ஒரு பக்கம் டின்னின் உயரம், மறுபக்கம் வட்டத்தின் சுற்றளவு. பத்தாம் வகுப்பு அளவியலில் வளைபரப்பு 2πrh என்று வரும்போது இந்தப் பிள்ளைகளுக்கு அது புதிதாக இருக்காது, உரித்த காகிதம் நினைவுக்கு வரும்.

உருளை என்றால் வட்டமாகத்தான் இருக்க வேண்டுமா? பள்ளிப் பாடத்தில் வருவது நேர்வட்ட உருளை, அதனால் பிள்ளைகள் அப்படித்தான் நினைப்பார்கள். எங்களுக்கு அதை மாற்றிக்காட்ட முத்தோரையிலேயே ஒரு பொருள் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது, 1970-லிருந்து இயங்குகிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். மலைச்சரிவில் வடக்கு தெற்காகப் படுத்திருக்கும் அதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறார்கள், என்ன வடிவம் என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை. அதன் வடிவம் பரவளைய உருளை; பரவளையம் என்றால் எறிந்த பந்து மேலே போய் இறங்கும் பாதையின் வளைவு. வரிசையாக 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. எந்தச் சட்டத்தருகே நின்று பார்த்தாலும் அதே வளைவு. லைன் வீட்டுக் கூரையில் முக்கோணம் மாறாமல் ஓடியதே, இங்கே பரவளையம் மாறாமல் ஓடுகிறது. மாறாத குறுக்குவெட்டு என்ற ஒரே யோசனை பட்டகத்தையும் உருளையையும் இந்தத் தொலைநோக்கியையும் ஒரு கயிற்றில் கட்டிவிடுகிறது.

அது ஏன் சரிவில் படுத்திருக்கிறது என்பது இன்னும் அழகு. நாம் இருப்பது கிட்டத்தட்ட 11 பாகை அட்சரேகையில். வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்வுள்ள இடமாகத் தேடிப் பிடித்து அங்கே வைத்ததால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஆகவே அந்த அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் விடாமல் பின்தொடரலாம். மலை அதற்கென்றே சாய்ந்து கொடுத்திருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு அட்சரேகை சமூக அறிவியலில் வரும், இங்கே இரண்டு பாடமும் ஒன்றாகச் சேரும்.

தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளில் பழைய முறையில் கட்டிய வீடுகளையும் இதே கண்ணோடு பார்க்கச் சொல்வேன். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்த கூரை தரைவரை இறங்கும், முன்னும் பின்னும் சுவர், குனிந்து தவழ்ந்து போகும் அளவு வாசல். ஏறக்குறைய அரை உருளை. வளைபரப்பே கூரையும் பக்கச்சுவருமாக இருப்பதால் மழையும் காற்றும் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஊட்டிக்குப் பக்கத்திலேயே முத்தநாடு மந்தில் கூம்பு வடிவத்தில் ஒரு கோயில் இருக்கிறது. அது அவர்கள் வழிபடும் இடம், கிட்டே போகாமல் தள்ளி நின்று பார்த்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கூம்பில் பிள்ளைகள் தடுமாறுவது உயரத்துக்கும் சாயுயரத்துக்கும் இடையில். தாளில் வட்டக்கோணப் பகுதி ஒன்றை வெட்டிச் சுருட்டிக் கூம்பு செய்தால், தாளில் ஆரமாக இருந்தது கூம்பில் சாயுயரமாகிவிடும். பலர் அதை உயரம் என்று எழுதுவார்கள். கூம்பின் நுனியில் ஒரு நூலைக் கட்டி உள்ளே தொங்கவிட்டு அடிவரை அளந்தால் உயரம், வெளியே சரிவில் ஸ்கேலை வைத்து அளந்தால் சாயுயரம், முன்னது எப்போதும் குறைவு. மலைப் பிள்ளைகளுக்கு இது உடம்புக்கே தெரிந்த விஷயம், தேயிலைத் தோட்டத்துப் படியில் ஏறி வீட்டுக்குப் போகிறவர்கள்தானே. கால் நடப்பது சாயுயரம் என்றால் உடனே தலையாட்டுவார்கள். நம் மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர்வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறதே, அங்கே அதிகபட்சச் சாய்வு 12-க்கு 1. கிடையாக 12 மீட்டர், மேலே 1 மீட்டர், அப்படியானால் தண்டவாளத்தில் எத்தனை மீட்டர் என்று பிதாகரஸ் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 12.04 தான் வரும். இவ்வளவு சின்னச் சரிவுக்கா ரயிலுக்குப் பல்சக்கரம் தேவைப்படுகிறது என்று ஆச்சரியப்படுவார்கள், அதை அறிவியல் டீச்சரிடம் அனுப்பிவிடுவேன்.

கேரட் இந்தப் பாடத்தின் கடைசிக்கு. நுனியை அடிக்கு இணையாக நறுக்கிவிட்டால் மீதி இடைக்கண்டம், வாளியும் டம்ளரும் கொழுந்துக் கூடையும் அதே இனம். சாய்வாக நறுக்கினால் நீள்வட்டம். ஒரு பக்கச் சரிவுக்கு இணையாகக் கீறினால் பரவளையம், தொலைநோக்கியில் பார்த்த அதே வளைவு. எட்டாம் வகுப்புக்கு இது பாடத்தில் இல்லை, ஆனாலும் காட்டுவேன். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்பதால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

மொழி விஷயம் ஒன்று. வீட்டில் படுக பேசிவிட்டு, வகுப்பில் தமிழில் படித்து, பக்கத்து ஆங்கில வழிப் பிரிவில் இருக்கும் தம்பியின் புத்தகத்தில் வேறு சொல் பார்க்கிற பிள்ளைகள் இவர்கள். பதினொன்றாம் வகுப்பில் பலர் ஆங்கில வழிக்குப் போவார்கள். அதனால் முகம் ஃபேஸ், விளிம்பு எட்ஜ், முனை வெர்டெக்ஸ், பட்டகம் பிரிசம் என்று முதல் நாளிலிருந்தே இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒரே பொருளைத் தொட்டுக்கொண்டு இரண்டு பெயரும் கேட்டால் பிள்ளைகளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. சிரமம் வருவது பொருளைத் தொடாமல் பெயரை மட்டும் இரண்டு மொழியில் மனப்பாடம் செய்யச் சொல்லும்போதுதான்.

வகுப்புத் தேர்வில் படம் போட்டுப் பெயர் கேட்பதை நான் விட்டுவிட்டேன். பொதுவாக இப்படிக் கேட்பேன்: "5 முகம், 6 முனை, 9 விளிம்பு உள்ள உருவம் முக்கோணப் பட்டகமாகத்தான் இருக்குமா? காரணம் எழுது." "வீட்டுச் சமையல் சிலிண்டர் முழுவதும் உருளையா? எங்கே உருளை, எங்கே இல்லை?" நடுவில் உருளை, மேலும் கீழும் குமிழாக வளைந்திருக்கிறது, அடியிலும் தலையிலும் ஒரு வளையம் என்று எழுதினால் போதும். "உன் வீட்டுக் கூரையைப் பார்க்காத ஒருவர் வரையும்படி ஐந்து வரியில் எழுது, மாதிரி என்ற சொல் வரக் கூடாது." இந்தக் கடைசிக் கேள்விக்கான விடைகளைத் திருத்தும்போது பேனாவை எடுத்து நானே வரைந்து பார்ப்பேன். எழுதியதை வைத்துக் கூரை வந்துவிட்டால் முழு மதிப்பெண். விவரம் எல்லாம் சரியாக எழுதிப் பெயரை மட்டும் மறந்திருந்தால் அரை மதிப்பெண் குறைப்பேன், பெயரை மட்டும் எழுதி விவரம் இல்லாவிட்டால் அரை மதிப்பெண்தான் போடுவேன். இதை முதல் நாளே சொல்லிவிடுவதால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.